நேரலையில் கரடி, நெடுஞ்சாலையில் யானை

ஈப்போவில் இரவு 11 மணி என்றால் அலாஸ்காவின் புரூக்ஸ் அருவியில் காலை 7. வேலை முடிந்து வந்து, படுக்கும் முன் அந்த நேரலையைத் திறந்து வைப்பது என் வழக்கம். கட்மாய் தேசியப் பூங்காவின் கரடிகளை 2012 முதல் கேமரா இப்படிக் காட்டி வருகிறது. சால்மன் துள்ளும், கரடி நிற்கும். பல நேரம் ஒன்றுமே நடக்காது.

இதைச் சுற்றுலா விளம்பரம் என்றால் பாதிதான் சரி. விளம்பரம் சலிப்பை வெட்டிவிடும், சாவை மறைத்துவிடும். இங்கே இரண்டுமே இருக்கு. 2024இல் கிரேசர் என்ற தாய்க்கரடியின் குட்டி, சங்க் என்ற ஆண்கரடி தாக்கி இறந்தது. செப்டம்பர் 30இல் ஒரு கரடி இன்னொன்றைக் கொன்றதும் நேரலையிலேயே தெரிந்தது. 'கொழுத்த கரடி வார' அறிவிப்பை ஒருநாள் தள்ளிவைத்தார்கள். கடைசியில் மக்கள் வாக்கில் சங்க்கைத் தோற்கடித்தது அதே கிரேசர்.

எங்க பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியலில் அதே நிரை, அதே மரங்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே ராத்திரி என்ன வந்து போனது என்று சொல்வார். "தெனம் பாக்குறவனுக்குத்தான்டா தெரியும்" என்பார். நேரலையின் அழகியல் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

நம்ம பேராக்கில் என்ன நடக்கிறது? 2025 மே 11, அன்னையர் தினம். கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதி யானைக்குட்டி செத்தது. லாரியில் தலையை முட்டியபடி நின்ற தாயின் காணொளியைப் பார்த்து நாடே கலங்கியது. நானும்தான். ஆனால் அந்தத் தாயை அதற்கு முன் நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்? கிரேசருக்காக வருந்தியவர்களில் பலர் அவளை வருசக்கணக்கா அறிந்தவர்கள். நமது கண்ணீர் அடுத்த காணொளி வரும்வரைதான்.

ரோயல் பெலூமில் ஒரு நேரலை வேண்டும் என்பேன். வேட்டைக்காரனுக்கும் அது வழிகாட்டாதா என்ற கேள்வி நியாயமானது. 2013இல் இந்தியாவின் பன்னாவில், கழுத்துப்பட்டை மாட்டிய புலியின் இருப்பிடத் தகவல் வரும் மின்னஞ்சலுக்குள் யாரோ நுழைய முயன்றார்கள். ஆகவே இடத்தைச் சொல்லக் கூடாது, படத்தைத் தாமதித்தே விட வேண்டும். அது பொறியாளர்களான எங்களுக்குச் சின்ன வேலை. மற்றது பெரிய வேலை. பயணிகளைக் கூட்ட மட்டும் மாட்டிய கேமராவை, கூட்டம் குறைந்ததும் கழற்றிவிடுவார்கள். யானை வராத நாளிலும் ஓடுகிற கேமராதான் நமக்கு வேண்டும்.