வரவழைத்து நிறுத்தும் வித்தை

சண்முகானந்தா அரங்கம் மும்பை சயானில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து மிருதங்கம் கேட்கும் காதுகளைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியாயிற்று. எனக்குப் பிடித்த காதுகள் அதே சயானின் தாராவிப் பக்கச் சாலையோரத்தில், பத்மினி டாக்சிகளின் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தவை.

பிரீமியர் பத்மினி பக்கத்துக் குர்லாவில் பிறந்த வண்டி. 1089 சி.சி., நாலு சிலிண்டர். மும்பையில் டாக்சியாகக் கடைசிப் பத்மினி பதிவானது 2003 அக்டோபர் 29. இருபது வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபர் 30 அன்று விடைபெற்றது. அந்த இருபது வருடமும் அதற்கு ஏதாவது ஒரு சத்தம் இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, ஒரு மாதிரி சத்தம் வருது" என்பார் டிரைவர். நல்ல மெக்கானிக் உடனே பானெட்டைத் தூக்கமாட்டார். கேள்விதான். குளிர்ந்த எஞ்சினிலயா, சூடானப்புறமா? சவாரி ஏறினதுமா, காலி வண்டியிலயும் வருதா? கிளட்ச்சை மிதித்ததும் கர்ரென்று கிளம்பினால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸுக்குள் பேரிங். சயான் சர்க்கிளில் வலப்பக்கம் ஒடிக்கும்போது முனகல் கூடினால், பாரம் விழுகிற இடது சக்கரத்து பேரிங். இவ்வளவுக்கும் ஒரு ஸ்பேனர்கூட வெளியே வந்திருக்காது.

நீளத் திருப்புளியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பது பார்க்க அழகு. படம் எடுப்பவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். நான் காத்திருந்தது அடுத்த காரியத்துக்கு. எஞ்சினை ஓடவிட்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டுவார். முதல் வயர்: வண்டி நொண்டும், 'டொக் டொக்' அப்படியே இருக்கும். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதை எடுத்ததும் டொக் மங்கிப்போகும். அந்த சிலிண்டரில் வெடிப்பு இல்லை, பிஸ்டனைத் தள்ள ஆளில்லை. தேய்ந்துபோன கனெக்டிங் ராடு பேரிங் அடிப்பதற்கு வழியில்லை. வயரை மாட்டினால் டொக் திரும்ப வரும். மறுபடி எடுப்பார், மறுபடி மங்கும். டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். அதற்கப்புறம் செலவைப் பற்றிப் பேரம் நடக்காது.

வால்வுகளை இயக்கும் டேப்பட்டின் சத்தம் இதற்கெல்லாம் மசியாது. எந்த வயரைப் பிடுங்கினாலும் அது பாட்டுக்கு டிக்டிக். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் தாளமும் பாதி. டிரைவர்களுக்கு அது கேட்டால் பயம். மெக்கானிக்குக் கேட்காவிட்டால் பயம். 2000-களின் தொடக்கத்தில் டாக்சிகள் சி.என்.ஜி.க்கு மாறின. வறண்ட எரிபொருள். வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும், டேப்பட்டு கேப் குறைந்துகொண்டே வரும். சத்தம் அடங்கி வண்டி சாதுவாகிவிட்டதாகத் தோன்றும்; சரியாக மூடாத வால்வு ஒருநாள் கருகிவிடும். அதனால் மெக்கானிக் கேப்பை ஒரு மயிரிழை கூட்டி வைத்தே வண்டியை அனுப்புவார். "இன்னும் டிக்டிக்னு கேக்குதே" என்று புது டிரைவர் சண்டைக்கு வருவார். பழைய ஆள் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு சவாரிக்குக் கிளம்புவார்.