நாயின் நிறமும் வாத்தின் கண்ணும்

நம் ஊரில் லேப்ரடார் என்றால் வாசலில் படுத்துக் கிடக்கும் செல்ல நாய். வட அமெரிக்கச் சதுப்புகளில் அதற்குப் பிழைப்பே வேறு. சுட்டு விழுந்த காட்டு வாத்தை, குளிர் கடிக்கும் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்வி, பல் பதியாமல் கொண்டுவந்து எசமான் கையில் கொடுக்க வேண்டும். குட்டி வாங்கப் போகும்போதே அங்கே சிலர் ஒரு கணக்குப் போடுகிறார்கள். நாணலும் கோரையும் மண்டிய இடத்தில் வேட்டை என்றால் சந்தன நிறம், மரமடர்ந்த நீர்க்காடு என்றால் கருப்பு, சேற்று நிலத்துக்குச் சாக்லேட். வட்டமிடும் வாத்துக் கூட்டம் நாயைக் கண்டு மிரண்டுவிட்டால் அவ்வளவு நேரம் காத்திருந்தது வீண். அதனால் இந்தக் கணக்கை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடம் கூட வாழப்போகும் ஓர் உயிரை அதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

இந்த எண்ணம் அழுத்தமாக வேர்விட்ட இடம் மேரிலாந்து. 1807-ல் அந்தக் கடற்பகுதியில் ஆபத்தில் சிக்கிய ஆங்கிலேயக் கப்பலிலிருந்து இரண்டு நியூஃபவுண்ட்லாந்துக் குட்டிகள் மீட்கப்பட்டன. ஒன்று மங்கிய செவலை, மற்றது கருப்பு. அவற்றின் வழி வந்ததாகச் சொல்லப்படும் செசபீக் பே ரெட்ரீவருக்கு அமெரிக்க கென்னல் கிளப் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. நாயின் நிறம் அது வேலை செய்யும் இடத்தோடு முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும் என்கிறது அது. பழுப்பு, கோரை நிறம், காய்ந்த புல் நிறம் எல்லாம் ஏற்புடையவை. கருப்பாகப் பிறந்தால் கண்காட்சியில் இடமே இல்லை. ஆனால் அதே இலக்கணத்தின் மதிப்பெண் பட்டியலில் நூற்றுக்கு 4 மட்டுமே நிறத்துக்கு. ரோமத்துக்கும் அதன் தன்மைக்கும் 18. எண்ணெய்ப் பசையோடு தண்ணீரை ஒட்டவிடாத அந்த ரோமம் இல்லாவிட்டால் டிசம்பர் மாத விரிகுடாவில் நாயால் அதிக நேரம் தாக்குப்பிடிக்க முடியாது. காய்ந்த புல்லின் நிறத்தை எழுதிவைத்தவர்களே அதற்கு எவ்வளவு எடை கொடுத்தார்கள் என்பதை வாங்கப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி வாத்தின் பக்கம் வருவோம். மல்லார்ட் வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கமும் உயரத்தில் அமைந்தவை. தலையைத் திருப்பாமலே முன்னும் பின்னும் உச்சியும் அதற்குத் தெரியும். நிறம் காணும் கூம்பணுக்கள் நமக்கு மூன்று வகை, அதற்கு நான்கு. நம் கண்ணுக்கு நாணலோடு கலந்துவிட்ட நாய் அதன் கண்ணுக்கும் கலந்துவிட்டது என்று அடித்துச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

வெளிர்மை, கருமை வேறுபாட்டைப் பற்றித் தயங்காமல் பேசலாம். வடக்கு டகோட்டாவில் அறுவடை முடிந்த வயலின் வெளிறிய தாள்களுக்கு நடுவே கருப்பு நாய் படுத்திருந்தால் அங்கே ஒரு குழி விழுந்தது போலிருக்கும். ஆர்கன்சாவின் ஸ்டட்கார்ட் பக்கம், தண்ணீர் ஏறிய ஓக் காட்டில், அதே நாயை மர நிழலில் நிறுத்தினால் அது ஓர் அடிமரக் கட்டை. சந்தன நாய்க்கு எல்லாம் தலைகீழ். இந்த அளவுக்கு நிறக் கணக்கு சரிதான். ஆனால் அது ஓர் இடத்துக்கும் ஒரு மாதத்துக்குமான கணக்கு. பருவத் தொடக்கத்தில் பச்சையாக நிற்கும் கோரை போகப்போகக் காய்கிறது, பிறகு பனி மூடுகிறது. வாத்துச் சுட அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் நேரமோ சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த அரையிருட்டில் சாக்லேட்டும் கருப்பும் ஒன்றுதான். முதல் வாத்தை எடுத்து வந்ததுமே சந்தன நாய் நனைந்து, சேறு அப்பி, வேறு நிறமாகத் திரும்பியிருக்கும்.

மறைவிடத்தில் நாய் என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மேலே சிறகோசை கேட்டதும் காது நிமிர்கிறது. பின்தொடை நடுங்குகிறது. முழங்கால் தண்ணீரில் நிற்கும் நாய் என்றால் அந்த நடுக்கம் வளையம் வளையமாகக் குட்டையெங்கும் பரவுகிறது. அப்புறம் அடக்க முடியாமல் முகம் மேலே திரும்புகிறது. இறங்கத் தயாராகக் காலை நீட்டிய வாத்துகள் அந்தக் கணத்திலேயே மேலெழுந்து விலகுகின்றன. உட்கார் என்றால் உட்கார்ந்தே இருக்க மாதக்கணக்கில் பழக்காத நாய்க்கு எந்த நிறமும் உதவாது.

இதற்கு நேர் எதிரான சாட்சி ஒன்றும் உண்டு, என்னை மிகவும் யோசிக்கவைத்ததும் அதுதான். நோவா ஸ்கோஷியாவின் யார்மவுத் மாவட்டத்தில் உருவான டோலிங் ரெட்ரீவர் சிறிய செவலை நாய், பார்வைக்கு நரி. எசமான் ஒளிந்துகொண்டு குச்சியை எறிய, அது கரையோரம் துள்ளி ஓடி, மறைந்து, மறுபடி தோன்றும். தூரத் தண்ணீரில் மிதக்கும் வாத்துகள் என்னவென்று பார்க்கக் கரையை நெருங்கும். விலங்கைக் கவரப் பழக்கிய விலங்கைப் ‘பார்வை’ என்று பழந்தமிழ் சொல்லும். அந்தச் சொல் இந்த நாய்க்கு அப்படியே பொருந்துகிறது. 19-ஆம் நூற்றாண்டில் செசபீக் விரிகுடாவிலும் இதே உத்தியால் வாத்துகளை இழுத்திருக்கிறார்கள். ஆக, நாயைக் கண்டாலே வாத்து ஓடிவிடும் என்ற அடிப்படையே எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

நிறத் தேர்வுக்கு நாய் கொடுக்கும் விலையும் இருக்கிறது. லேப்ரடாரில் சாக்லேட் நிறம் வர, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒடுங்கிய மரபணு ஒன்று வந்து சேர வேண்டும். அதையே குறிவைத்து இணைசேர்த்தால் இணைக்குக் கிடைக்கும் நாய்களின் வட்டம் குறுகும். பிரிட்டனில் வளரும் லேப்ரடார்களைப் பற்றி 2018-ல் வந்த ஆய்வில், சாக்லேட் நாய்களின் இடைநிலை ஆயுள் 10.7 ஆண்டு, மற்ற நிறங்களுக்கு 12.1. காது அழற்சி சாக்லேட்டில் 23.4 விழுக்காடு, கருப்பில் 12.8. நிறமே நோயைத் தருகிறது என்று இது நிரூபிக்கவில்லை. நிறத்துக்காகச் செய்யும் இனப்பெருக்கத்தின் பக்கவிளைவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். காதுக்குள் அடிக்கடி தண்ணீர் புகும் வேலைக்கு நாய் எடுப்பவர் இதைப் படிக்காமல் குட்டிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

தாய் தந்தையின் இடுப்பு மூட்டுச் சோதனையும் கண் சோதனையும் முதலில், குட்டியின் குணம் அடுத்து, நிறம் கடைசி. இதுவே என் வரிசை. மறைப்பை அதற்கப்புறம் அந்தந்த இடத்திலேயே செய்துகொள்ளலாம். நாய் படுக்கத் தாழ்வான ஒரு சிறு கூடு, மேலே சாக்குத் துணி, அதில் செருக நாலு கை புல். அந்தப் புல்லை அந்தக் கரையிலேயே அறுக்க வேண்டும். அன்றைக்கு அந்தச் சதுப்பு என்ன நிறமோ அதுவும் அந்த நிறத்திலேயே இருக்கும்.