மழைக்கு முட்டையிடும் மீசைக்காரர்கள்

வண்ண மீன் கடையில் போய் "கோரி இருக்கா?" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது கடைக்காரர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "இருக்கு சார், ரெண்டு போட்டுக்குங்க. கீழ விழுற மிச்சம் மீதியெல்லாம் அதுவே தின்னுடும். தொட்டி சுத்தமா இருக்கும்." மீன் வளர்ப்பில் இவ்வளவு நாள் செல்லுபடியான பொய் வேறு இல்லை. கோரி என்கிற இந்தச் சின்னக் கெளுத்தி கழிவைத் தின்னாது. மேலே நீந்துகிற மீன்கள் விட்டுவைக்கும் துணுக்கை மட்டும் நம்பி விட்டால் மாதக்கணக்கில் வயிறு ஒட்டிக் கிடந்து ஒருநாள் செத்துப்போகும். தொட்டியும் சுத்தமாகாது. கூட்டமாக வாழப் பிறந்த உயிரை இரண்டே இரண்டாக வாங்கிப் போய் ஒரு மூலையில் ஒடுங்க வைப்பது இன்னொரு கொடுமை.

துப்புரவுக்கு ஆள் தேடுகிறவர்கள் கோரியை வாங்கவே வேண்டாம். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கட்டும்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏஞ்சல் மீனின் பகட்டோ நியான் டெட்ராவின் மினுக்கோ இதனிடம் கிடையாது. பெப்பர் கோரியை எடுத்துக்கொள்வோம். இரண்டு, இரண்டரை அங்குல உடம்பு. சாம்பலும் பச்சையும் கலந்த மேனியில் கரும் புள்ளிகள். செதில் இல்லை. அதற்குப் பதில் விலாவில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓட்டுக் கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தத் தகடுகளில் ஒரு பச்சைப் பளபளப்பு ஓடும். கடைக் குழல்விளக்கில் அது தெரியாது. அதனால்தான் கடையில் யாரும் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

முகத்துக்கு வாருங்கள். கீழ்நோக்கிய சின்ன வாய், அதைச் சுற்றி மீசை. எந்நேரமும் ஏதோ யோசனையில் இருப்பது போன்ற கண். அந்தக் கண் திடீரென்று கீழே உருண்டு மறுபடி மேலே வரும். நம்மைப் பார்த்துக் கண்ணடித்தது போலவே இருக்கும். இமை இல்லாத மீன் கண்ணடிக்கிறது! முதல்முறை பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இரை தேடும்போதுதான் முழு வித்தையும். மூக்கைக் கண் வரைக்கும் மணலில் புதைக்கும். வாய் நிறைய மணலை வாரும். உள்ளே புழுவையும் துணுக்கையும் பிரித்து வைத்துக்கொண்டு, வெறும் மணலைச் செவுள் வழியாக இரு பக்கமும் மெல்லிய தாரையாக விடும். மதுரை, திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. நம்மூர் அயிரையும் மணலில்தான் வயிறு வளர்க்கிறது. குழம்பு வைக்கும் முன் உயிரோடு பாலில் விடுவது அந்த மணலைக் கக்க வைக்கத்தானே? இரண்டும் சொந்தக்காரர்கள் இல்லை. அயிரை நம் வாய்க்கால்களில் பிறந்தது. கோரி தென் அமெரிக்கக் கெளுத்தி வகை. ஆனால் அடிமணலில் பிழைப்பு நடத்துகிற இரண்டுக்கும் மீசை முளைத்திருக்கிறது. விருட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிக்கொண்டு இறங்குவதும் இரண்டு கூட்டத்திலும் உண்டு. விழுங்கிய காற்றிலிருந்து கோரியின் பின்குடல் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும். எப்போதாவது பாய்ந்தால் அது இயல்பு. நிமிஷத்துக்கு ஒருமுறை பாய்ந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது, வாளியை எடுங்கள் என்று பொருள்.

இனி இந்த மீனுக்கு ஏற்ற ஊரான தாண்டிக்குடிக்கு வருகிறேன். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி, ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கொடைக்கானலின் எலும்பைத் துளைக்கும் குளிரும் இல்லை, அடிவாரத்தின் வெக்கையும் இல்லை. காபி, அதன் நிழல் மரங்களில் ஏறிய மிளகு, ஏலம், ஆரஞ்சு, மலைவாழை. காபி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் ஒன்று இங்கே இருக்கிறது. அராபிகா காபிக்குத் தோதான வெப்பம் 15 முதல் 25 டிகிரி என்பார்கள். பெப்பர் கோரிக்கு 18 முதல் 23. அதாவது அராபிகா நன்றாக வருகிற மலைச்சரிவு பெரும்பாலும் பெப்பர் கோரிக்கும் ஆகிற இடம். இதை யாரும் ஏன் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. மதுரையிலும் சென்னையிலும் சித்திரை வந்தால் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொடும். வளர்ப்பவர்கள் மேஜை மின்விசிறியைத் தொட்டிமேல் திருப்பிவைத்து, ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலை மிதக்கவிட்டு மல்லாடுவார்கள். மலையில் அந்தச் செலவு கிடையாது, மார்கழியில் இதற்கு ஹீட்டரும் வேண்டாம்.

தண்ணீரும் அப்படித்தான். கீழ்நாட்டுப் போர்வெல் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிய வைக்கும். மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, சோப்பு போட்டால் நுரை பொங்குவதிலேயே தெரிந்துவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. காபிக்குப் போர்டோ கலவை அடிக்கிற நாட்களிலும் அதை ஒட்டி வரும் முதல் மழையிலும் ஓடைத் தண்ணீரையோ கூரையில் வழிகிற தண்ணீரையோ தொட்டிக்கு எடுக்கக் கூடாது. இலையைக் காக்கிற அந்தக் கலவையின் மயில்துத்தம் மீனுக்கு எமன்.

குளிர் தாங்குகிற இந்தக் குணம்தான் பெப்பர் கோரியை உலகம் சுற்ற வைத்தது. பீகிள் கப்பலில் போன டார்வின் தென் அமெரிக்காவில் பிடித்துக் கொண்டுவந்த மீன்களில் இதுவும் ஒன்று. 1842இல் லெனர்ட் ஜெனின்ஸ் அதை விவரித்துப் பெயரிட்டார். 1878இல் பாரிஸில் கார்போனியே என்ற மீன் வளர்ப்பாளர் இதைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டார். மின்சார ஹீட்டர் வீட்டுக்கு வராத காலம். அறையின் குளிரிலேயே வாழ்கிற மீனாக இருந்தது அதற்கு உதவியிருக்கும். 2024இல் அறிவியலாளர்கள் கோரிகளின் கோரிடோராஸ் பேரினத்தையே பலவாகப் பிரித்துவிட்டார்கள். பெப்பர் கோரி இப்போது ஹோப்லிசோமா. பிரான்ஸ் (bronze) கோரி என்கிற வெண்கலக் கோரி ஆஸ்டியோகேஸ்டர். கடைகளுக்கு அந்தச் சேதி வந்து சேரப் பல வருஷம் ஆகும், நாம் கோரி என்றே சொல்லிக்கொண்டிருப்போம்.

தொட்டி அமைப்பதில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விஷயம் மணல். கலர் சல்லி, உடைந்த கண்ணாடிக் கூழாங்கல் எல்லாம் வேண்டாம். சல்லியில் மூக்கைப் புதைக்க முடியாது. முயன்று முயன்று மீசை தேயும், இடுக்கில் அழுகும் தீனியால் புண்ணாகும். மணல் சலிக்க முடியாத கோரி பாதி கோரிதான். சலித்து, கலங்கல் போகுமட்டும் அலசிய நைஸ் ஆற்றுமணல் ஓரங்குல உயரம் போதும். இரண்டு மூன்று மரக்கட்டை, நிழலுக்குச் செடி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றிரண்டு. உயரமான தொட்டியைவிட நீள அகலமானது நல்லது. இது தரையில் வாழும் மீன். அதற்குத் தரைதான் சொத்து.

ஆறுக்குக் குறையாமல், அதுவும் ஒரே வகையாக வாங்க வேண்டும் என்பது வெறும் அழகுக்காக இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2019இல் வெண்கலக் கோரியைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், இவை ஒன்றையொன்று உடம்பால் இடித்துத் தொட்டுத்தான் கூட்டத்தை ஒருங்கு வைத்துக்கொள்கின்றன என்று காட்டினார்கள். தொட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் நீங்களே காணலாம். ஒன்று கிளம்பும், பக்கத்தில் இருப்பதை ஒரு இடி இடிக்கும், "வா, அந்தப் பக்கம் போவோம்" என்பதுபோல. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் மூக்கோடு மூக்காக இடம் மாறியிருக்கும்.

தீனி விஷயத்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. அடியில் மூழ்குகிற தீனி, அதையும் விளக்கணைத்த பிறகு போடுவது உத்தமம். மற்ற மீன்கள் அடங்கியிருக்கும். வாரத்தில் இரண்டு நாள் உயிர்த்தீனி. நகரத்துக் கடைகளில் விற்கிற டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடையோடு சம்பந்தப்பட்டது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோட்டத்து மண்புழு இருக்க அது எதற்கு? மருந்து படாத எருக்குழியிலிருந்து எடுத்து, ஒரு ராத்திரி ஈரச்சாக்கில் போட்டு வயிற்று மண்ணைக் கழிக்கவிட்டு, பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டால் கோரிகள் மணலில் ஆடுகிற ஆட்டமே தனி.

இப்போது மழை. இந்த மீனை வளர்க்கிறவர்கள் கடைசியில் மழையை வாசிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சொந்த ஊரில் மழை இறங்கி, ஆறு குளிர்ந்து, தண்ணீர் ஏறும் பருவத்தில் முட்டையிடுவது இவற்றின் வழக்கம். அதைத் தொட்டியில் நடிக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரம் உயிர்த்தீனியைத் தாராளமாகக் கொடுத்து, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, நாலைந்து டிகிரி குளிர்ந்த புதுத் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். சமவெளியில் இதற்கு ஐஸ் தேடுவார்கள். மலையில் ராத்திரி முழுக்கத் திண்ணையில் வைத்த ஒரு குடம் தண்ணீர் போதும். அதிலும் ஐப்பசி அடைமழைக்கு மேகம் கூடி காற்றழுத்தம் இறங்குகிற நாளாகப் பார்த்துத் தண்ணீர் மாற்றினால் பலன் இரட்டிப்பு. பங்குனி, சித்திரையில் காபிக்காரர்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிற பூ மழையும் அப்படித்தான். அந்த மழை பெய்து ஏழெட்டு நாளில் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். கோரி அவ்வளவு நாள் காத்திருக்காது. மறுநாள் காலையிலேயே கண்ணாடியில் முட்டை இருக்கலாம்.

அந்தக் காலையைத் தவறவிடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரிகிற பெரிய மீன் பெண்; ஒடிசலாக இருப்பவை ஆண்கள். இரண்டு மூன்று ஆண்கள் அவளை விடாமல் தொடரும். அவள் கண்ணாடியை, இலையை வாயால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். திடீரென்று ஒரு ஆண் குறுக்கே சாய்ந்து படுக்கும். அவள் தன் வாயை அதன் வயிற்றோடு ஒட்டிக்கொள்வாள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'T' எழுத்தின் வடிவம். சில நொடிகள் இரண்டும் அசையாது, ஆணின் உடம்பில் மட்டும் ஒரு நடுக்கம். இந்த நேரத்தில் அவள் விந்தைக் குடிக்கிறாள். 1995இல் ஜப்பானின் கோடாவும் அவருடைய குழுவினரும் வெண்கலக் கோரியில் இதை நிரூபித்தார்கள். குடித்தது குடல் வழியாக விரைந்து கடந்து, வயிற்றுத் துடுப்புகளைக் கூடையாகக் குவித்து அவள் ஏந்தியிருக்கும் முட்டைகள்மேல் வெளியேறுகிறது. பிறகு அந்தக் கூடையைச் சுமந்துகொண்டு தனியே நீந்துவாள். ஃபில்டர் நீரோட்டம் படுகிற இடமாகத் தேர்ந்து, வயிற்றை அழுத்தி ஒட்டிவிட்டு மறுபடி வருவாள். இது மணிக்கணக்கில் நடக்கும். ஒரு தடவைக்கு இரண்டோ நாலோ முட்டை. கடைசியில் நூறைத் தாண்டியிருக்கும்.

ஒட்டிய கையோடு தாயே அதைத் தின்னவும் செய்யும். அதனால் ராத்திரிக்குள் முட்டைகளை விரல் நுனியால் உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய சின்னத் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அவற்றின் தோல் கெட்டி, பயப்பட வேண்டாம். பூஞ்சைக்கு ஒரு சொட்டு மெத்திலீன் ப்ளூ. வெள்ளையாகிப்போனதை எடுத்துப் போடுங்கள். மலைக் குளிரில் ஐந்தாறு நாள் எடுத்துக்கொள்ளும். பொரிந்த குஞ்சு இரண்டு நாள் வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருவைத் தின்று கிடக்கும். பிறகு ஆர்ட்டீமியாக் குஞ்சு, மைக்ரோ புழு, கொஞ்சமாக, நாளுக்கு மூன்று தடவை. குஞ்சுகள் பசியால் சாவதைவிட அடியில் தங்கிய தீனி அழுகிச் சாவதுதான் அதிகம். தினமும் காற்றுக் குழாயால் அடியை உறிஞ்சி எடுக்கச் சோம்பல்படுகிறவர்கள் குஞ்சு எடுக்க ஆசைப்படக் கூடாது. மூன்றாவது வாரம் நகத்தளவு உடம்பில் முழு மீசையோடு, முழுப் புள்ளியோடு அவை மணல் சலிக்கத் தொடங்குவதைப் பார்த்தால் அந்தச் சிரமம் பெரிதாகத் தெரியாது.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு மூன்று சொல்லி முடிக்கிறேன். சமவெளியில் இருப்பவர்கள் பெப்பர் கோரியை வாங்கி வேகவைக்க வேண்டாம். 28 டிகிரியும் தாங்குகிற ஸ்டெர்பாய் கோரி அவர்களுக்கு ஏற்றது. வெள்ளைக் கோரியின் உடம்பில் ஊசியால் சாயம் ஏற்றி நீலம், ரோஸ் என்று விற்பார்கள், அதைக் காசு கொடுத்து ஆதரிக்காதீர்கள். சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தால் ஒரு பைக்கு நாலைந்துக்கு மேல் அடைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிரண்ட கோரி துடுப்பு முள்ளின் அடியிலிருந்து நஞ்சு கசியவிடும், அந்தப் பைத் தண்ணீரே அதற்கு விஷமாகும். வந்ததும் வலையால் அள்ளாதீர்கள், முள் சிக்கிக்கொள்ளும். ஒரு கிண்ணத்தால் முகந்து விடுங்கள்.

குஞ்சுகள் பெருகிவிட்டால் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், கடைக்குக் கொடுங்கள். யாரும் வாங்கவில்லையென்றால் முட்டையைத் தாயிடமே விட்டுவிடுங்கள். ஓடையில் மட்டும் விடாதீர்கள். தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீன் இன்று சென்னை ஏரிகளில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தாண்டிக்குடிச் சரிவின் ஓடைகள் மருதாநதியில் போய்ச் சேர்கின்றன. கோரி வாழத் தோதான குளிரும் மணலும் அவற்றில் இருக்கின்றன.