‘டக்’ என்ற சத்தம் போதுமா?

சின்ன மாமாவுக்கு வீடு பசியாவரத்தில். அவருடைய அம்பாசடர் நிற்பது எதிர்க்கரையான பழவேற்காட்டில். விடிவதற்கு முன் ஏரியிலிருந்து வரும் நண்டையும் இறாலையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிப் பொன்னேரிக்கு ஏற்றிப்போவார். 90களின் பிற்பகுதியில் வந்த வண்டி அது. உப்புக்காற்று பம்பர், கதவு, தரை என்று ஒவ்வொன்றாய்த் தின்றுகொண்டே வந்தது. ஒருநாள் டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டில் லாக் விழவில்லை. பெல்ட் முனையில் உள்ள உலோக நாக்கை உள்ளே தள்ளினால் அப்படியே வெளியே வந்தது.

மாமா போல்ட்டைக் கழற்றி, பக்கிளைத் தனியே எடுத்து, ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்தார். மேல்மூடியை நெம்பியதும் உள்ளே இருந்தவை துண்டில் உதிர்ந்தன: இறுகிக் கட்டியான உப்பு, காய்ந்த ஒரு மீன்செதில், சிவப்புப் பொத்தானிலிருந்து தெறித்த இரண்டு பிளாஸ்டிக் சில்லுகள். இரும்புப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, திரும்பப் பூட்டினார். ‘டக்’கென்று விழுந்தது. “இப்பப் போட்டுப் பாரு மாப்ள” என்றபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்தச் சத்தத்தை நம்பி இரண்டு வருடம் அந்த வண்டியில் போய்வந்தோம். அப்படி நம்பியது சரிதானா என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

மாமா செய்தது தேவைக்காக. அதே வேலையைப் பழைய கார் பிரியர்கள் ஆசைக்காகச் செய்கிறார்கள். 60களின் வெளிநாட்டுக் கார் ஒன்றைச் சீரமைப்பவர் என்ஜின், பெயிண்ட், தோல் இருக்கை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் பக்கிளுக்கு வருகிறார். அதைப் பிரித்து, துரு நீக்கி, குரோம் பூசி, புதிதுபோல மாட்டுகிறார். அந்தக் காலத்துப் பக்கிள்கள் அழகானவை என்பதில் சந்தேகமில்லை. தொப்பிக்குப் பேர்போன பிரிட்டனின் காங்கோல் நிறுவனம் காந்தம் வைத்த பக்கிள்கூடச் செய்திருக்கிறது. வால்வோவின் நில்ஸ் போலின் 1959இல் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்த பிறகு, எந்தப் பக்கிள் சிறந்தது என்று தொழிற்சாலைகள் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தேடலின் தடயங்களைக் குப்பையில் போடாமல் காப்பாற்றுவது நல்ல காரியம்தான்.

பிரித்துப் பார்ப்பதில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. பக்கிள் ஒரு மூடிய பெட்டி. அதற்குள் என்ன நடக்கிறது என்பது போடுகிற யாருக்கும் தெரியாது. நாக்கு உள்ளே போகும்போது ஒரு சிறு ஸ்பிரிங்கை அழுத்துகிறது. நாக்கில் உள்ள துளைக்குள் ஒரு இரும்புத் தகடு விழுந்து கவ்வுகிறது. பொத்தானை அமுக்கினால் தகடு விலக, அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் நாக்கை வெளியே தள்ளுகிறது. இவ்வளவுதான். ஆனால் இந்த வழியில் கடுகளவு அழுக்கு இருந்தாலும் தகடு பாதி விழுந்து நிற்கும். காதுக்குப் பூட்டியதுபோலவே கேட்கும்; இழுத்தால் கழன்றுவிடும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 1995இல் ஜப்பானின் தகாட்டா நிறுவனம் செய்த பெல்ட்டுகளுக்காக அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தச் சிவப்புப் பொத்தானின் பிளாஸ்டிக் நொறுங்க, சில்லுகள் உள்ளே விழுந்து லாக்கைத் தடுத்ததுதான் காரணம். மாமாவின் துண்டில் கிடந்த இரண்டு சில்லுகளும் அதே கதையைத்தான் சொல்லின. திறந்து பார்த்திருக்காவிட்டால் பாதிப் பூட்டோடு பல நாள் ஓடியிருப்போம். ஆகவே திறப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். முப்பது வருடம் உப்புக்காற்றிலும் புழுதியிலும் கிடந்த பக்கிளை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் நம்புவதுதான் ஆபத்து.

சிக்கல் திரும்பப் பூட்டும்போது தொடங்குகிறது.

சீரமைப்பவர்கள் பெருமையோடு காட்டும் குரோம் பூச்சையே எடுத்துக்கொள்வோம். பூசுவதற்கு முன் இரும்பை அமிலத்தில் முக்கித் துருவை எடுப்பார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சி உலோகம் படியவைப்பார்கள். இந்த இரண்டு கட்டத்திலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும். சாதாரண இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். கடினப்படுத்திய எஃகு தாங்காது. வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே நொறுங்கும் குணம் வந்துவிடும். பூச்சு முடிந்த கையோடு 200 டிகிரி செல்சியஸுக்கு ஒட்டி, பல மணி நேரம் சூளையில் வைத்தால்தான் அந்த ஹைட்ரஜன் வெளியேறும். தெருமுனைப் பூச்சுக் கடைக்குக் கதவுக் கைப்பிடியும் ஒன்று, பக்கிள் தகடும் ஒன்று. மூடிக்குப் பூசினால் பாதகமில்லை. கவ்வும் தகட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் பூசுவது கண்ணுக்குத் தெரியாத விரிசலை விலை கொடுத்து வாங்குவது.

வளைந்த நாக்கைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவதும், தேய்ந்த விளிம்பை அரத்தால் ராவுவதும், கிடைத்த ஸ்பிரிங்கை வெட்டிப் போடுவதும் இதே வகை. மூன்றிலும் ‘டக்’ சத்தம் வரும். சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்தக் கைவேலையின் அடிப்படைக் குறை.

சத்தம் எதைச் சொல்லாது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மோதலின்போது புவியீர்ப்பைப்போல் 20 மடங்கு விசைக்கு உள்ளானால், பெல்ட் தாங்கவேண்டியது 1,200 கிலோ. நாம் கையால் எவ்வளவு இழுத்துச் சோதிப்போம்? முப்பது, நாற்பது கிலோ. அதோடு தாங்கினால் மட்டும் போதாது. தாங்கிய பிறகு திறக்கவும் வேண்டும். ஐரோப்பிய விதி எண் 16இன்படி, மோதல் சோதனைக்குப் பிறகு பொத்தானை அமுக்கத் தேவைப்படும் விசை 60 நியூட்டனைத் தாண்டக்கூடாது. ஏறக்குறைய ஆறு கிலோ அழுத்தம். பழையதைச் சீரமைப்பவர்கள் பூட்டுகிறதா என்று நூறு முறை பார்க்கிறார்கள். பாரம் தொங்கும்போது திறக்கிறதா என்று பார்ப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சாலையின் இருபுறமும் தண்ணீர் கிடக்கும் எங்கள் பகுதியில் அது சின்ன விஷயமில்லை.

சோதித்துவிடலாமே என்றால் அங்கே ஒரு முட்டுக்கட்டை. தொழிற்சாலை ஆயிரக்கணக்கில் செய்கிறது. சிலவற்றை உடைத்துப் பார்த்து மற்றவற்றுக்கு உத்தரவாதம் தருகிறது. பழைய பக்கிள் ஒன்றே ஒன்று. அதை உடைத்துப் பார்த்தால் மாட்டுவதற்கு மிஞ்சாது. உடைத்துப் பார்க்காவிட்டால் அதன் பலம் தெரியாது. எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் இந்த முடிச்சு அவிழாது. சீரமைப்பவரின் நேர்மையைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவரால் கொடுக்க முடியாத ஒரு வாக்கை நாம் அவரிடம் எதிர்பார்க்கிறோம்.

இனி நாடா. மாமா தங்கூசி வலை பொத்தும்போது நூலை விரலில் சுற்றிச் சுண்டிப் பார்ப்பார். “வெயில் தின்ன நூல்ல முடிச்சு நிக்காது மாப்ள, வேற வலைதான்” என்று ஒதுக்கிவிடுவார். நைலான் வெயிலில் சாகும் என்பது எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அதே மனிதர் கண்ணாடி வழியே வருடக்கணக்கில் வெயில் குடித்த பெல்ட் நாடாவைச் சோப்புப் போட்டு அலசித் திரும்ப மாட்டினார். பக்கத்திலிருந்த எனக்கும் அது உறைக்கவில்லை. பக்கிள் இரும்பு என்பதால் கவனம் முழுவதும் அதன்மேல் போய்விட்டது. நாடாவை பிளீச்சிங் போட்டு வெளுப்பவர்களும் சாயம் ஏற்றிப் புதிதாக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் இழையைக் கெடுக்கும். அமெரிக்காவில் பழைய பக்கிளை வாங்கிப் புதிய நாடா தைத்துத் தரும் நிறுவனங்கள் உண்டு. அந்த வழக்கம் இங்கும் வரவேண்டும்.

எங்கள் பக்கத்தில் நாடாவுக்கும் முன்னால் பார்க்கவேண்டியது காரின் தரை. இந்தியாவில் முன் இருக்கைகளுக்கு பெல்ட் பொருத்தித் தரவேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்குக் கட்டாயமானது 1994இல்தான். அதற்கு முந்தைய காரில் ஆசைப்பட்டு பெல்ட் போடுபவர் தரைத் தகட்டில் துளையிட்டு போல்ட் முடுக்குகிறார். உலகெங்கும் பெல்ட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் 7/16 அங்குல போல்ட் சரியானதுதான். ஆனால் அடியில் துரு தின்று பிஸ்கட்போல ஆன தகட்டை அது எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாமாவின் வண்டியில் கால்மிதியைத் தூக்கினால் தார்ச்சாலை தெரிந்தது.

இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் மட்டும் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்கென்று பொய் நாக்குகள் இணையத்தில் விற்று, 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றை நீக்கச் சொன்ன நாடு இது. பழவேற்காடு ஏரியும் இந்த அலட்சியத்தைப் பார்த்திருக்கிறது. 2011 டிசம்பர் 25இல் உல்லாசப் பயணம் வந்த படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள்; உயிர்காப்பு உடை யாரிடமும் இல்லை. கவசமே இல்லாதவனுக்குத் தன் நிலை தெரியும். பலமில்லாத கவசத்தை மாட்டியவன் தைரியமாக வேகம் கூட்டுவான்.

பழைய பக்கிளைப் பிரித்துச் சீரமைக்கும் கலை வாழட்டும். 2021இல் வந்த விதிகளின்படி 50 வருடத்தைத் தாண்டி, ‘விஏ’ வரிசை எண் பெற்ற கார்கள் அன்றாட ஓட்டத்துக்கு உரியவை அல்ல. கண்காட்சியில் நிற்கும் அந்தக் கார்களில் பழைய பக்கிள் அதன் முழு அழகோடு இருக்கட்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு என் தீர்ப்பு வேறு: திறந்து சுத்தம் செய்யலாம், கவ்வும் பாகங்களைக் காய்ச்சவோ ராவவோ பூசவோ கூடாது, தேய்மானம் தெரிந்தால் தரச்சான்று பெற்ற புதிய பெல்ட்டை முழுதாக மாற்றவேண்டும். சீரமைத்துத் தருபவர்கள் பில்லில் ‘காட்சிக்கு மட்டும்’ என்றோ ‘நாடா புதியது, லாக் பழையது’ என்றோ ஒரு வரி எழுதித் தரவேண்டும். ஒரகடத்தில் மோதல் சோதனைக்கூடத்தோடு மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பழைய பக்கிள்களில் ஒரே வகையைச் சேர்ந்த சிலவற்றைச் சேகரித்து அங்கே உடைத்துப் பார்க்கப் பழைய கார் சங்கங்கள் முன்வரவேண்டும்.

மாமாவின் அம்பாசடர் போன வருடம் காயலான் கடைக்குப் போனது. பக்கிளை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். இப்போதும் ‘டக்’கென்று விழுகிறது. என் காரில் இருப்பது புதிய பெல்ட்.