தந்தையின் கடிதமும் நிலவுடைமையும்

கடித இலக்கியத்தில் அன்பும் ஆணையும் பிரித்தறிய இயலாதவாறு கலத்தல் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்கால மேரிலாந்தின் நிலக்கிழார் சார்லஸ் கரோல், ஐரோப்பாவில் பயின்ற தம் ஒரே மகனுக்கு எழுதிய கடிதங்கள் இதற்குச் சான்றாகும். கத்தோலிக்கர் வழக்குரைஞராதல் அங்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. எனினும், 1759இல் இலண்டன் சேர்ந்த மகனைச் சட்டம் பயிலுமாறே தந்தை வலியுறுத்தினார். சட்டமறியாதவன் தன் உடைமைக்கும் பிறரை நம்பி நிற்க நேரும் என்பது அவர் வாதம். மகனோ அக்கல்வியில் சலிப்புற்றான். தந்தையின் ஊக்கவுரை, மகனை நிலங்காக்கும் கருவியாக்கும் முயற்சியாகவும் அமைவது நோக்கத்தக்கது. அவன் கல்விச் செலவை அடிமைகளின் உழைப்பும் தாங்கியது. 1765இல் மீண்ட மகன், 1776இல் அமெரிக்க விடுதலைச் சாற்றுரையில் ஒப்பமிட்டான், அடிமையுடைமையைக் கைவிட்டானில்லை. தன்னுரிமை காக்கக் கற்பித்த கடிதங்கள் பிறருரிமை பேணக் கற்பிக்கவில்லை என்பதே அவற்றின் எல்லை எனலாம்.