நீர் போன வழி

மலையை அறுத்துக்கொண்டு ஓடும் ஆற்றின் இடுக்குக்குள் இறங்கி, தண்ணீர் போகும் அதே வழியில் நடந்தும் நீந்தியும் சறுக்கியும் குதித்தும், அருவி குறுக்கிட்டால் கயிற்றில் இறங்கியும் கீழே போய்ச் சேர்வது கேன்யனிங். மலையேற்றத்துக்கு ஓர் உச்சி உண்டு. இதற்கு உச்சி கிடையாது. ஆறு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஸ்பானிஷ் மொழியில் மலை இடுக்குக்கு பர்ராங்கோ என்று பெயர். அதனால் இந்தப் பழக்கத்தை அங்கே பர்ராங்கிஸ்மோ என்கிறார்கள். கயிற்றையும் ஹெல்மெட்டையும் பார்த்ததும் இது தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று தோன்றும். ஆனால் நல்ல வழிகாட்டி ஒருவர் முன்னே நடந்தால், விடுமுறைக்கு வந்த அப்பா, அம்மா, பத்து வயதுப் பிள்ளை மூவரும் ஒரு முழுப் பகலை ஆற்றுக்குள் கழித்துவிட்டு மகிழ்ச்சியோடு கரையேற முடியும். அந்த வழிகாட்டியின் கைத்திறனே இந்தக் கலையில் ஊன்றி ரசிக்க வேண்டியது.

இந்தக் கலை வேரூன்றி வளர்ந்த நிலங்களில் ஒன்று வட ஸ்பெயினின் குவாரா மலைத்தொடர். அரகோன் பகுதியின் உவெஸ்கா மாகாணத்தில், பிரெனீஸ் மலைகளுக்குத் தெற்கே, 2,000 மீட்டரைச் சற்றே தாண்டும் சிகரத்தோடு அது நிற்கிறது. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு வரும் மழைநீரில் லேசாக அமிலம் ஏறுகிறது. அந்த நீர் சுண்ணாம்பைக் கரைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்து, வெடிப்பை வாய்க்காலாகவும் வாய்க்காலை ஆழமான இடுக்காகவும் ஆக்கியது அதுதான். கரைப்பது பாதி வேலை, அரைப்பது மீதி. சுழலில் அகப்பட்ட கல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிப் பாறையைக் குடைய, ஆட்டுரல் குழி போல வழுவழுப்பான வட்டக் குழிகள் உண்டாகின்றன. கோடையில் நீர் வற்றிய குழியின் அடியில், அதைக் குடைந்த உருண்டைக் கற்களே கிடப்பதைப் பார்க்கலாம். இரு பக்கச் சுவர்களும் நெருங்கிவரும் இடத்துக்கு உள்ளூரில் எஸ்த்ரெச்சோ, அதாவது நெருக்கம் என்று பெயர். வெளிச்சம் மங்கிப்போகும் பகுதி ஓஸ்குரோ, அதாவது இருட்டு.

இத்தகைய இடுக்குகளை மனிதர்கள் வேண்டி நுழைந்து பார்க்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 1905-இல் பிரெஞ்சுக் குகையாய்வாளர் எதுவார் அல்ஃப்ரெ மார்தெல், தென் பிரான்சின் வெர்தோன் பள்ளத்தாக்கின் அடியில் ஒரு குழுவுடன் இறங்கி, ஆற்றோடு போய் அதைக் கடந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் லூசியன் பிரியே என்ற பிரெஞ்சுக்காரர் புகைப்படக் கருவியைச் சுமந்துகொண்டு குவாராவில் அலைந்தார். அவருடைய பயண எழுத்துகள், மேல் அரகோனின் அழகுகள் என்று பொருள்படும் தலைப்பில் 1913-இல் ஸ்பானிஷ் நூலாக வந்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எல்லை தாண்டி வந்த பிரெஞ்சு மலையேறிகளும் குகையாய்வாளர்களும் ஒவ்வோர் இடுக்காக இறங்கிப் பார்த்தார்கள். குகைக்காரரின் கயிற்று முறை, மலையேறியின் பாறையறிவு, படகோட்டியின் நீரோட்ட அறிவு மூன்றும் கலந்ததே இன்றைய கேன்யனிங். 1990-இல் குவாரா இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறி வீடுகள் இடிந்துகொண்டிருந்த அந்த மலையில், சில ஊர்களுக்கு ஆறே மறுபடியும் சோறு போட்டது.

வழிகாட்டியின் முதல் திறமை, ஆளுக்கேற்ற ஆற்றைத் தேர்ந்தெடுப்பது. பிரெஞ்சு அளவை முறையில் ஓர் இடுக்கை மூன்று எண்கள் விவரிக்கின்றன. பாறையின் செங்குத்துக்கு 1 முதல் 7 வரை. நீரின் கடுமைக்கு 1 முதல் 7 வரை. உள்ளே போனபின் வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ரோமன் எண்ணில் 1 முதல் 6 வரை. எண்கள் வழக்கமான நீர்மட்டத்துக்கு உரியவை. குவாராவில் ஓடும் வேரோ ஆற்றை எடுத்துக்கொண்டால், ஏப்ரலின் வேரோவும் ஆகஸ்டின் வேரோவும் பெயரில்தான் ஒன்று. காலையில் கரைக்கு வந்து, தனக்குப் பழக்கமான ஒரு கல்லில் நீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வழிகாட்டிக்கு எந்த அட்டவணையும் சொல்லாத செய்தி கிடைக்கிறது.

தொடக்கக்காரருக்கு குவாரா வழிகாட்டிகள் முதலில் காட்டுவது இந்த வேரோவைத்தான். கோடையில் இதில் கயிறு தேவைப்படுவதில்லை. சாலையிலிருந்து இறங்கி ஆற்றைத் தொட்டபின் ஐந்தாறு மணி நேரம் தண்ணீரும் கல்லுமாகப் போகும். முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு நிலைகொள்ளாத ஆழம் என்று ஆறு ஆளைச் சிறிது சிறிதாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து விழுந்த பெரும் பாறைகள் ஆற்றை அடைத்துக் கிடக்கும் இடத்தில் தண்ணீர் அவற்றுக்கு அடியில் புகுந்து ஓடும். குழுவும் வழிகாட்டிக்குத் தெரிந்த பொந்து வழியே அந்த இருட்டுக்குள் போய், மறுபக்கம் வெளிச்சத்தில் வெளிவருகிறது. மேலே, நூல் போலத் தெரியும் வானத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். ஆற்றை ஒட்டிய பாறை ஒதுக்குகளில் ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ளன. 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்ற ஐபீரியப் பாறை ஓவியங்களில் இவையும் சேரும். பயணம் வில்யகந்தால் என்ற பழைய கல்பாலத்தருகே முடிந்து, மேலே அல்கேசர் ஊருக்கு ஏறுகிறது. கோட்டை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அந்த ஊர்ப்பெயர்.

வேரோவில் கால் பழகியவர்களைக் கயிறு பிடிக்கச் சிறு அருவிகள் உள்ள ஃபோர்மிகா இடுக்குக்குக் கூட்டிப்போகிறார்கள். குதிப்பதில் ஆசை பிறந்தவர்களுக்கு அல்கனாத்ரே ஆற்றின் பெயோனேரா இடுக்கு இருக்கிறது. கரிய இடுக்குகள் என்று பொருள்படும் கோர்காஸ் நெக்ராஸ், பெயருக்கேற்பத் தேர்ந்தவர்களுக்கே உரியது. இந்த வரிசையைக் குலைத்து, கேட்டவரைக் கேட்ட இடத்துக்கெல்லாம் அழைத்துப்போகிறவர் வழிகாட்டி ஆகமாட்டார்.

உடுப்பிலும் நுட்பம் உண்டு. மலையாற்று நீர் கோடையிலும் குளிரும். ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் உடைக்குள் கொஞ்சம் தண்ணீர் நுழையும். உடம்பின் சூடு அதை வெதுவெதுப்பாக்கிவிடும். ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள் சூட்டை வெளியே விடுவதில்லை. ஆளை மிதக்கவும் வைக்கின்றன. உடை தொளதொளவென்று இருந்தால் குளிர்ந்த நீர் புகுந்து புகுந்து வெளியேறும், பயன் போய்விடும். அதனால் பிள்ளையின் கழுத்திலும் மணிக்கட்டிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் நல்ல வழிகாட்டி வண்டியை எடுப்பார். சிறு உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நீலம் பாய்வது எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். அதற்கு முன்பே, வளவளவென்று பேசிக்கொண்டு வந்த பிள்ளை பேச்சை நிறுத்தும் நேரத்தைக் கவனித்து, வெயில் விழும் பாறையில் உட்காரவைத்து, நீர் புகாத டப்பாவிலிருந்து தின்பண்டம் எடுத்துக் கொடுப்பதே தேர்ச்சி.

வழிகாட்டியின் கலை முழுவதும் துலங்கும் இடம் குதிப்பு. மூன்று மீட்டர் உயரப் பாறை, கீழே பச்சை மடு என்று வைத்துக்கொண்டால், முதலில் இறங்குவது வழிகாட்டிதான். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று ஒரு மரக்கட்டை சிக்கியிருக்கலாம். போன வெள்ளம் ஒரு கல்லை உருட்டிவிட்டிருக்கலாம். தெளிந்த நீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும், நிழல் விழுந்த நீர் கல்லை மறைக்கும். ஆகவே கண்ணை நம்பாமல், முங்கிக் காலால் துழாவிப் பார்க்கிறார். பிறகு மடுவின் ஓரத்தில் நின்று, விழவேண்டிய இடத்தில் உள்ளங்கையால் தண்ணீரைத் தட்டிக் காட்டுகிறார். கால்கள் சேர்ந்திருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்க வேண்டும், கைகள் மார்பின் குறுக்கே, பார்வை நேரே. குனிந்து பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்து வயிறு அடிபடும்.

விளிம்பில் ஒன்பது வயதுச் சிறுமி தயங்கி நிற்கும்போது, பின்னால் நிற்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவார்கள். நல்ல வழிகாட்டி கையை உயர்த்தி அதை நிறுத்துகிறார். பாறையின் பக்கவாட்டில் தவழ்ந்து இறங்கக்கூடிய வழியை அவளுக்குக் காட்டுகிறார். தொடக்கக்காரருக்கான தடத்தில் அப்படியொரு மாற்று வழி இல்லாத குதிப்பு இருக்கக்கூடாது. அந்த வழியைப் பார்த்தபின் சிறுமியின் நிலை மாறிவிடுகிறது: இனிக் குதித்தால் அது அவளே விரும்பிக் குதித்தது. பலர் அதற்குப் பிறகுதான் குதிக்கிறார்கள். தவழ்ந்து இறங்குகிறவளையும் அதே முகத்தோடு கைகொடுத்து வாங்கிக்கொள்கிறவர், அடுத்த மடுவுக்கு அவளைத் தயார் செய்துவிட்டார்.

கயிற்று வேலையின் அழகு பார்வைக்குச் சட்டென்று புலப்படாது. அருவியின் தலைப்பில், பாறையில் அடித்த ஆணியோடு எட்டு வடிவ உலோக வளையம் ஒன்றை மாட்டி, கயிற்றை அதில் சுற்றிப் பூட்டுகிறார்கள். பூட்டை அவிழ்த்தால், இறங்குபவரின் எடை தொங்கிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை மேலிருந்து தளர்த்திவிடலாம். தலைமுடியோ உடையோ இறங்கும் கருவியில் சிக்கி ஒருவர் அருவிக்கு நடுவே மாட்டிக்கொண்டால், முகத்தில் நீர் அறைந்துகொண்டே இருக்கும். அவரைச் சில நொடிகளில் கீழே இறக்க அந்தத் தளர்வுதான் வழி. கயிற்றின் கீழ்முனை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். குட்டையாக இருந்தால் ஆள் அந்தரத்தில் நிற்பார். நீளமாக இருந்தால் மிச்சக் கயிறு மடுவில் சுழன்று நீந்துபவரின் காலைச் சுற்றும். சரியான அளவில் விட்ட கயிற்றிலிருந்து ஆள் தானாகவே நழுவி மிதக்கத் தொடங்குகிறார். அவருக்கு அது இயல்பாக நடந்ததாகவே தோன்றும். நாற்காலியில் சாய்வது போலப் பின்னால் சாய்ந்து, கால்களை அகட்டி, ஒரு கையை இடுப்புக்குக் கீழே வைத்துக் கயிற்றை விடுவது மட்டுமே அவர் வேலை. கை நழுவினாலும், கீழே நிற்பவர் கயிற்றை இழுத்து இறுக்கினால் அவர் நின்றுவிடுவார். அருவி இரைச்சலில் பேச்சு கேட்காது. தலைமேல் கை வைத்தால் எல்லாம் நலம் என்று பொருள்.

இவ்வளவு திறனுக்கும் மேலாக நிற்பது வேண்டாம் என்று சொல்லும் துணிவு. சுண்ணாம்பு மலையில் மண் குறைவு. பெய்த மழை தங்காமல் ஆற்றில் இறங்கிவிடும். அகலமான ஆற்றில் முழங்கால் அளவு உயரும் நீர், குறுகிய இடுக்கில் ஆள் உயரத்தைத் தாண்டும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, பல கிலோமீட்டர் தள்ளி மேல்மலையில் பெய்த இடிமழை வந்து சேரும். 1996 ஆகஸ்ட் 7 அன்று உவெஸ்கா மாகாணத்தின் பியேஸ்காஸ் ஊரருகே ஒரு மலையோடையில் வந்த திடீர் வெள்ளம், கூடார முகாம் ஒன்றை அடித்துப்போய் 87 உயிர்களைக் குடித்தது. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் அருகே சாக்ஸெடென்பாக் ஓடையில், கேன்யனிங் சென்ற 18 பயணிகளும் 3 வழிகாட்டிகளும் வெள்ளத்தில் மாண்டார்கள். பிற்பாடு அந்நாடு ஆபத்து நிறைந்த வெளிப்புற நடவடிக்கைகளை நடத்த அனுமதி கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. அது 2014-இல் நடைமுறைக்கு வந்தது. தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, ஓசை கனப்பது ஆகியவை ஆறு தரும் எச்சரிக்கைகள். அவற்றைக் கண்டபின் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஆகவே வானிலை அறிக்கையைப் பார்த்துப் பயணத்தையே கைவிடுவதும், உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அடுத்த மேட்டுக்கு ஏறும் வழியை மனதில் வைத்திருப்பதும் வழிகாட்டியின் கடமை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து வாசலிலேயே குடும்பத்தை அனுப்பிவைக்கிற வழிகாட்டியை அந்தக் குடும்பம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆற்றுக்கும் மரியாதை உண்டு. குவாராவின் செங்குத்துச் சுவர்களில் கூடு கட்டும் பறவைகளில் கெப்ரந்தாஉவேசோஸ், அதாவது எலும்பு முறிப்பான் எனப்படும் தாடிக் கழுகும் ஒன்று. எலும்பை உயரத்திலிருந்து பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் பறவை அது. இனப்பெருக்கக் காலத்தில் அதன் அருகே சத்தம் போடக்கூடாது. ஆற்றடிச் சரளைக்குள் பூச்சிப் புழுக்களும் நீர்ப்பல்லிகளும் வாழ்கின்றன. இடமிருந்தால் சரளையைக் கலக்காமல் பாறைமேல் கால்வைத்துப் போவதும், ஆழமான இடத்தில் நடப்பதை விட்டு நீந்துவதும் வழிகாட்டி கற்றுத்தரும் பழக்கங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பயணிகள் அல்கேசரின் படிகளில் ஈரத்தலையோடு ஏறிப்போன பிறகும் வழிகாட்டியின் நாள் முடிவதில்லை. சுண்ணாம்புத் துகளும் மணலும் நீங்கக் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசுகிறார். பின்பு அதை முனையிலிருந்து முனைவரை விரல்களுக்கிடையே மெதுவாக இழுத்து, பாறை விளிம்பு உராய்ந்த இடம் மெத்தென்று தட்டுப்படுகிறதா, உள்நூல் எங்காவது விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். வெயில் நைலானை நலிவாக்கும் என்பதால் நிழலில் காயப் போடுகிறார். ஐயம் தந்த பகுதி இருந்தால் அங்கேயே வெட்டி எறிகிறார். மறுநாள் காலை வேறொரு குடும்பம் அந்தக் கயிற்றில் தொங்கும்.