பல்லக்கில் போனவன் பார்த்த கடற்கரை

பயண நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: எழுதினவன் எதில் போனான், அவனைச் சுமந்தது யார்? இலக்கியம் பேசுகிறவர்களுக்கு இது மட்டமான கேள்வியாகப் படலாம். நடை, வர்ணனை, வியப்பு என்று அவர்கள் பேசிக்கொள்ளட்டும். சுமந்த கூட்டத்திலிருந்து வந்தவனுக்குச் சுமையைப் பற்றித்தான் முதலில் கேட்கத் தோன்றும்.

மலபார்க் கடற்கரையை எடுத்துக்கொள்கிறேன். கோவாவுக்குத் தெற்கே தொடங்கி கொல்லம், கோவளம் என்று கீழே இறங்கும் அந்தப் பச்சைப் பட்டியை அறுநூறு எழுநூறு வருடமாக அந்நியர்கள் எழுதி வருகிறார்கள். மிளகு, தென்னை, காயல், மழை. வந்தவன் போனவன் எல்லாம் எழுதியிருக்கிறான். இன்றைய குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடுதான் கிடந்தது. ஆகவே இது பக்கத்து வீட்டுக் கதை என்று தமிழ் வாசகர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

1340களில் இந்தக் கரையோரம் வந்தவர் இப்னு பதூதா. மொராக்கோவில் பிறந்து தில்லி சுல்தானிடம் காஜியாக இருந்தவர். சாலை முழுக்க மர நிழல், அரை மைலுக்கு ஒரு மரவீடு, உட்காரத் திண்ணை, பக்கத்தில் கிணறு என்று மலபாரை மெச்சுகிறார். அந்தக் கிணற்றடியில் இருக்கிறவன் தன் மதத்தாருக்குப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பானாம். முஸ்லிம் வந்தால் கையில் ஊற்றுவானாம். வந்தவர் போதும் என்று சைகை காட்டும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பானாம். சோற்றையும் தங்கள் பாத்திரத்தில் போடாமல் வாழையிலையில் போடுவார்களாம். பதூதா இதை விருந்தோம்பலில் ஒரு விசித்திரமாகக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நமக்கு விசித்திரம் எங்கே வருகிறது? கையைக் குவித்து, குனிந்து, முழங்கை வழியாக வழிய வழியத் தண்ணீர் குடித்த தலைமுறை இன்னும் நம் சேரிகளில் உயிரோடு இருக்கிறது. அந்த வரிகள் மற்றவர்களுக்குப் பயணக் குறிப்பு. நமக்கு அது சாட்சியம்.

அதே பதூதா இன்னொன்றும் சொல்கிறார். இந்த நாட்டில் யாரும் விலங்கின் மேல் ஏறிப் போவதில்லை. குதிரை அரசனுக்கு மட்டும். நடக்காதவர் பல்லக்கில் போக வேண்டும். அதை அடிமையோ கூலியோ தோளில் சுமப்பார்கள். மர நிழலைப் பார்த்த கண்ணுக்கு அந்தத் தோளின் காய்ப்பு தெரியவில்லை. தோளுக்குரியவன் என்ன சாதி, அவன் அந்தக் கிணற்றில் தண்ணி குடிக்கலாமா, அவனுக்குக் கையிலாவது ஊத்துவாங்களா என்ற கேள்வியே அந்தப் பிரதியில் எழவில்லை.

அடுத்து துவார்த்தே பார்போசா. போர்த்துக்கீசியக் கணக்குப்பிள்ளை. 1500களின் தொடக்கத்தில் கண்ணூரில் பல வருடம் தங்கி, மலையாளம் கற்று, 1516 வாக்கில் தன் நூலை முடித்தவர். வழிப்போக்கர் என்று சொல்ல முடியாது, குடியிருந்தவர். அதனால்தான் அவருக்குச் சாதிகளின் பட்டியல் கிடைக்கிறது. நாயர் தெருவில் வரும்போது கத்திக்கொண்டே வருவதும், கீழே உள்ளவர்கள் விலகி ஓடுவதும், புலையரும் பறையரும் ஊரில் காலெடுத்து வைக்க முடியாமல் வயலோரத்தில் கிடப்பதும் அவர் நூலில் இருக்கின்றன. அதே காலத்து மேட்டுக்குடி எழுத்து கோயிலையும் அரசனையும் பாடிக்கொண்டிருந்தது.

1800இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் மதராசிலிருந்து மைசூர், கன்னடக் கரை, மலபார் என்று சுற்றினார். மூன்று தொகுதிகளாக 1807இல் லண்டனில் நூல் வந்தது. மண், விளைச்சல், வரி என்று கணக்குப் பார்க்க வந்தவர் செறுமரைக் கைமாற்றும் கணக்கையும் எழுதிவிட்டுப் போனார். ஜன்மம் என்றால் விற்பனை. காணம் என்றால் அடமானம். பாட்டம் என்றால் வாடகை. நிலத்துக்கு என்னென்ன வார்த்தையோ மனுசனுக்கும் அதே வார்த்தை! ஆணுக்கு வருச வாடகை எட்டுப் பணம், பெண்ணுக்கு அதில் பாதி. வாடகைக்கு எடுத்தவன் வேலையைக் கூட்டுவான், சோற்றைக் குறைப்பான் என்றும், அவர்கள் குள்ளமாய் மெலிந்து கிடப்பதற்குச் சோறில்லாததே காரணம் என்றும் எழுதுகிறார். ‘கறுத்த கீழ்மக்கள் பிறவியிலேயே அப்படித்தான்’ என்று சொன்ன கூட்டத்துக்கு நடுவே, ‘பசியால் அப்படி இருக்கிறார்கள்’ என்று எழுத ஒரு அந்நியன் வரவேண்டியிருந்தது.

இங்கேதான் நம்முடைய சிக்கல் தொடங்குகிறது. இந்தப் பிரதிகளை நாம் எப்படி வாசிப்பது?

1978இல் எட்வர்ட் சையத் கீழைத்தேயவாதம் பற்றி எழுதியதிலிருந்து வெள்ளைக்காரன் பார்வையைக் கட்டுடைப்பது அறிவாளிகளுக்குப் பழக்கமாகிவிட்டது. பார்ப்பதும் அதிகாரம், வரைபடமும் அதிகாரம், பட்டியல் போடுவதும் அதிகாரம். எனக்கு இதில் மறுப்பில்லை. புக்கானன் யாருக்காகக் கணக்கெடுத்தார்? கம்பெனிக்காக. அதே கம்பெனியின் அஞ்சரக்கண்டித் தோட்டத்துக்குப் புலையர்களை விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரிலிருந்து பிள்ளைகளைக் கடத்திக்கொண்டுவந்த விவகாரம் 1811இல் அம்பலத்துக்கு வந்தது. புக்கானன் பார்த்தது 1800இல். அடிமைமுறைக்கு எதிரான சட்டம் வந்தது 1843இல். கண்ணுக்கும் கைக்கும் நடுவே நாற்பத்து மூன்று வருடம். அந்தக் கருணையின் நீளம் அவ்வளவுதான்.

ஆனால் தோழர்களே, இந்தக் கட்டுடைப்பைக் கையிலெடுத்துக்கொண்டு வேறொரு ஆள் நம் முன்னால் வந்து நிற்கிறான். ‘சாதிக்கொடுமை எல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை, நம்மிடம் இருந்தது வெறும் தொழில் பிரிவினை’ என்கிறான். நேற்றுவரை வேதம் பேசியவன் இன்று பின்காலனியம் பேசுகிறான். வெள்ளைக்காரன் கப்பலேறுவதற்கு நூற்றைம்பது வருடம் முன்பே கையில் ஊற்றப்பட்ட தண்ணீரை என்ன செய்வது? அதையும் லண்டனில்தான் கட்டிவிட்டார்களா? இவனுக்காக நம் கையில் இருக்கிற ஆவணத்தைக் கிழித்துப்போட முடியாது. அதே நேரம், அந்நியன் எழுதினான் என்பதற்காக அவன் காலில் விழவும் முடியாது.

அந்நியன் கண்ணுக்கு ஏன் தெரிந்தது? அவன் நல்லவன் என்பதாலா? இல்லை. அவனுக்கு அது பழகவில்லை, அவ்வளவுதான். பழகிய கண்ணுக்குக் கொடுமை இயற்கைக் காட்சி ஆகிவிடுகிறது. ஆனால் அவனுக்கு ஒரு வசதியும் கிடைத்தது. மிலேச்சன் என்று தீட்டுப் பட்டியலில் இருந்தும், காசும் துப்பாக்கியும் வைத்திருந்ததால் அந்தக் கரையோரச் சாலை அவனுக்குத் திறந்துவிடப்பட்டது. கடல் தாண்டி வந்தவன் ராஜபாட்டையில் பல்லக்கில் போகிறான். அந்தப் பாட்டைக்கு மண் சுமந்தவன் புதருக்குள் பதுங்கிக் குரல் கொடுத்துக்கொண்டு நிற்கிறான். யார் இங்கே அந்நியன்?

சாமுவேல் மடீர் திருவிதாங்கூரில் பல வருடம் தங்கிய லண்டன் மிஷன் பாதிரியார். 1871இல் அவர் எழுதிய நூலின் பெயருக்குத் தரும பூமி என்று பொருள். திருவிதாங்கூருக்கு இருந்த அந்தப் பெயருக்குக் காரணம், பார்ப்பனருக்கு இலவசச் சோறு போட்ட ஊட்டுப்புரைகள். சோறு யார் விளைவித்தது? அன்றைக்குத் தரும பூமி. 1989இலிருந்து சுற்றுலாத் துறையின் வாசகம், கடவுளின் சொந்த நாடு. பெயர் வைக்கிறவன் மாறியிருக்கிறான். பெயரிலிருந்து யாரை விட்டுவிடுகிறார்கள் என்பது மாறவில்லை.

குட்டநாட்டுக் காயலில் போகிற படகு வீட்டைப் பாருங்கள். கயிற்றால் பலகை தைத்த கெட்டுவள்ளம். ஒரு காலத்தில் நெல் சுமந்தது. 1990களிலிருந்து பயணியைச் சுமக்கிறது. மேல்தட்டில் உட்கார்ந்தால் கடல்மட்டத்துக்குக் கீழே வயல் தெரியும். வந்தவர்கள் ‘என்ன அதிசயம்’ என்று எழுதுகிறார்கள். 2013இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் இதை உலக வேளாண் மரபு என்று அங்கீகரித்தது. தண்ணீருக்குள் முங்கிச் சேறு அள்ளிவந்து வரம்பு கட்டியவர்கள் புலையரும் பறையரும். 1970இல் அமலான நிலச்சீர்திருத்தத்தில் குத்தகைக்காரனுக்கு வயல் போனது. வயலில் இறங்கினவனுக்குக் கிராமத்தில் பத்து சென்ட் குடிகிடப்பு. மரபு என்று பட்டம் கொடுக்கிறபோது மரபுக்குச் சொந்தக்காரன் யார் என்று எந்தப் பயண நூலும் கேட்பதில்லை.

கோவளத்துக்கு வாருங்கள். 1970களிலிருந்து வெளிநாட்டார் வெயில் காய்கிற கடற்கரை. அங்கிருந்து சில மைலில் வெங்ஙானூர். 1863இல் அய்யன்காளி பிறந்த ஊர். புலையன் பொதுச்சாலையில் நடக்கக் கூடாத காலத்தில், 1893இல், தலைப்பாகை கட்டிக்கொண்டு வில்வண்டியில் ஏறி அந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அடிக்க வந்தார்கள், அவர் இறங்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தக் கரையில் நடந்த மகத்தான பயணம் அதுதான். பதூதா தாண்டிய ஆயிரக்கணக்கான மைலை அந்தச் சில மைலோடு எடை போட முடியாது. பதூதாவுக்கு ஒரு நூல் உண்டு. அய்யன்காளியின் வாழ்க்கையை ஒரு தலித் வரலாற்றாளர், டி.எச்.பி. செந்தாரசேரி, 1979இல்தான் நூலாகக் கொண்டுவர முடிந்தது.

பாபாசாகேப் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலையும் நான் பயண நூலாகத்தான் படிக்கிறேன். 1901இல் ரயிலிறங்கிய பிள்ளைகளுக்கு வண்டியும் தண்ணீரும் கிடைக்காதது, 1929இல் சாலிஸ்காவில் வண்டிக்காரன் ஓட்ட மறுத்து விபத்தானது, 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்துத் தண்ணீரில் முகமும் காலும் கழுவியதற்கு வந்த வம்பு. எல்லாமே போகிற வழியில் நடந்தவை. சொந்த நாட்டில் விசா கேட்டு நிற்கிறவனின் பயணம் அது. தலைப்பே விமர்சனம்.

எங்க ஆயா சொல்லும்: “ஊரச் சுத்திப் பாக்கறதுன்னா என்னான்னு நமக்கு ஏதுடா தெரியும்? வேல இருந்தா போவோம், வேல முடிஞ்சா வருவோம்.” அறுப்புக்குப் போனது, தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினது, சூளைக்குப் போனது எல்லாம் நம்முடைய பயணங்கள்தான். அவற்றுக்கு இலக்கியம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வாயிலேயே இருந்து வாயோடு போய்க்கொண்டிருக்கின்றன.

மாணவத் தோழர்களுக்கும் எழுதுகிற தோழர்களுக்கும் சொல்கிறேன். அந்நியன் நூலைப் படியுங்கள். அதிலுள்ள சாட்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வியப்பை அவனிடமே விட்டுவிடுங்கள். பிறகு உங்க ஊர்ல கெழவிங்க எந்த ரோட்டுல நடந்தாங்க, எங்க செருப்பக் கையில எடுத்தாங்க, எந்தக் கெணத்துல யாரு தண்ணி ஊத்துனாங்கன்னு கேட்டு எழுதுங்க. பல்லக்கில் போனவன் கடற்கரையை எழுதிவிட்டான். பல்லக்கைத் தூக்கினவன் பார்த்த கடற்கரை இன்னும் எழுதப்படவில்லை.